புதுப்பிப்பு: 6டி மார்க் 2-ஐ மாற்றுவதா?

கல்யாண வேலைக்கு, 2017-இல் வந்த கேனான் 6டி மார்க் 2 கேமரா போதுமா, அதே கம்பெனியின் ஆர்6 மார்க் 2-க்கு மாறலாமா என்று கேட்டிருந்தேன். மாறுகிறேன். பாளையங்கோட்டைக் கல்யாணம் ஒன்றுக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். ஹோமப் புகையிலும் அட்சதை மழையிலும் ஃபோகஸ் மணப்பெண்ணின் கண்ணை விடவில்லை. அதைவிட எனக்குப் பெரிது, இரண்டு மெமரி கார்டு போடலாம் என்பது, பழையதில் ஒன்றுதான். ஒன்று பழுதானாலும் மற்றதில் படம் இருக்கும். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியுமா என்ன!

ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டும் மேடையின் எல்இடி வெளிச்சம் படத்தில் வரிவரியாக விழுந்தது. சத்தம் போடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றியதும் தொந்தரவு அடங்கியது. நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது?

6டி-க்கு வாங்கிய பழைய இஎஃப் வகை லென்ஸ்கள் அடாப்டரில் பொருந்துவதால் இப்போதைக்கு லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் வாங்குகிறேன். 6டி-யை விற்கவில்லை, பந்தி எடுக்கும் தம்பிக்கு அது போதும்.