லாகோஸ் முதல் எல்மினா வரை: அடிமை வணிகம் தொடங்கிய இடங்களில் நாங்கள் கண்டவை

போர்ச்சுகலில் இருந்து ஓர் உறுப்பினர்:

போர்ச்சுகலின் தென்கரையில் உள்ள லாகோஸுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பல்களை அனுப்பிய போர்ச்சுகல் இளவரசர் ஹென்றி, சதுக்கத்தில் சிலையாக வீற்றிருக்கிறார். அருகிலேயே வளைவுகள் வைத்த சின்னஞ்சிறு கட்டடம், அடிமைச் சந்தை அருங்காட்சியகம். சிலையோடு படம் எடுத்துக்கொண்ட கூட்டத்தில் பாதிப் பேர் கூட அதற்குள் நுழையவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

1444 ஆகஸ்ட் 8 அன்று, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பிடிக்கப்பட்ட 235 பேரை இவ்வூர் வாயிலுக்கு வெளியே உள்ள திடலில் நிறுத்திப் பங்கு போட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 46 பேர், குதிரை மீது அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஹென்றிக்கு. பிள்ளைகளைப் பிரிக்க வந்தபோது தாய்மார்கள் அவர்களைக் கட்டிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடந்தார்களாம். அடி விழுந்தும் விடவில்லையாம். இதைப் பதிவு செய்த சுராரா, ஹென்றியைப் போற்றி எழுதிய அரசவை வரலாற்றாசிரியர். அவருக்கே கண் கலங்கியிருக்கிறது. ஆனாலும், இவர்களுடைய ஆன்மாவாவது ஈடேறும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார். அந்தச் சமாதானத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

2009-ல் வாகன நிறுத்துமிடத்துக்காகத் தோண்டியபோது, பழைய நகரக் குப்பைமேட்டில் 150-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் குழந்தைகளும் உண்டு. சிலரின் கைகள் கட்டப்பட்டிருந்ததற்கான தடயமும் உண்டு. அதே இடத்தில் வாகன நிறுத்துமிடம் இப்போது இயங்குகிறது.

கானாவில் இருந்து ஓர் உறுப்பினர்:

அக்ராவில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும், கானா கடற்கரையில் போர்ச்சுகீசியர் கட்டிய எல்மினா கோட்டைக்கு அழைத்துப் போவேன். பெண்களை அடைத்த நிலவறைகளுக்கு நடுவே ஒரு முற்றம். அதன் மேலே ஆளுநரின் மாடம். அங்கிருந்து பார்த்துத்தான் அவர் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பாராம். இணங்க மறுத்தவளைக் கட்டிவைத்ததாக வழிகாட்டி காட்டும் இரும்புக் குண்டு இன்னும் தரையில் இருக்கிறது. என் அம்மா அதைப் பார்த்ததும் வெளியே போய்விட்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே முந்நூறு ஆண்டுக் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். 1482-ல் போர்ச்சுகீசியத் தளபதி அசாம்புஜா இந்தக் கோட்டையைக் கட்டியது தங்கத்துக்காக. உள்ளூர்த் தலைவர் குவாமெனா அன்சா, வந்து போய்க்கொண்டிருந்தால்தான் நட்பு நிலைக்கும் என்று தயங்கியிருக்கிறார். அவர் தயங்கியது எவ்வளவு சரி! தொடக்க காலத்தில் போர்ச்சுகீசியர், இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் பக்கத்திலிருந்து அடிமைகளை இங்கே கொண்டுவந்து, இப்பகுதி மக்களான அக்கான் வணிகர்களிடம் தங்கத்துக்கு விற்றார்கள். அட்லாண்டிக்கைக் கடக்கும் பெருங்கூட்டம் இங்கே அடைக்கப்பட்டது பெரும்பாலும் 1637-ல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்த பிறகு. இதைச் சொல்வதால் போர்ச்சுகீசியரின் பழி குறைந்துவிடாது. மனிதரை விலை பேசும் வழக்கத்தை இக்கரையோரம் கப்பலேற்றி வளர்த்தவர்கள் அவர்களே.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்:

நான் அந்த இடங்களுக்குப் போனதில்லை. வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். மாணவர்களை அசைத்தது, மத்திய ஆப்பிரிக்காவில் இருந்த கொங்கோ அரசின் மன்னர் முதலாம் அஃபோன்சோ 1526-ல் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜோவாவுக்கு எழுதிய கடிதம். அஃபோன்சோ கிறித்தவர், போர்ச்சுகலின் நண்பர். அவருடைய ஆட்சியிலும் அடிமைகள் விற்கப்பட்டார்கள்; அதை மறைத்துப் பாடம் நடத்தக் கூடாது. ஆனால் சுதந்திரக் குடிமக்களையும் பிரபுக்களின் பிள்ளைகளையும் தம் உறவினரையுமே பிடித்துப் போகிறார்கள் என்று அவர் முறையிடுகிறார். குருமாரும் ஆசிரியர்களும், பூசைக்குத் திராட்சை மதுவும் மாவும் போதும், வேறு சரக்கே வேண்டாம் என்கிறார்.

'அரசருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள் யாரிடம் போவார்கள் சார்?' என்று ஒரு மாணவி கேட்டாள். அதே ஆண்டு அஃபோன்சோ, பிடிபட்டவர் உண்மையில் அடிமைதானா என்று விசாரிக்க மூன்று அதிகாரிகளை நியமித்தார். கப்பல்கள் நிற்கவில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட போர்ச்சுகீசியரின் சாவோ தோமே தீவு அருகிலேயே இருந்தது.

மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கேப் வெர்டே தீவுகளின் பழைய அடிமை வணிகத் துறைமுகமான ரிபெய்ரா கிராண்டேவுக்குப் போனவர்கள் இருந்தால் எழுதுங்கள். அங்குள்ள தண்டனைத் தூணைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.