எட்டு மாதமாகியும் கூடாத கணைக்கால் எலும்பு

என் தந்தைக்கு (58 வயது, சர்க்கரை நோயாளி) எட்டு மாதங்களுக்கு முன் திண்டுக்கல் அருகே நடந்த பைக் விபத்தில் இடது கணைக்கால் எலும்பு, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே முறிந்தது. மறுநாளே எலும்புக்குள் கம்பி செலுத்தி, இரு முனைகளிலும் ஸ்க்ரூ பொருத்தினார்கள். மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி மேகம்போல் புது எலும்பு தெரிந்தது. அதன்பின் எடுத்த இரண்டு படங்களிலும் அது வளரவில்லை, நடுவே மயிரிழை போன்ற கறுப்புக் கோடு அப்படியே நிற்கிறது. காலை ஊன்றினால் அதே இடத்தில் வலிக்கிறது. காய்ச்சலோ சீழோ இல்லை, உடலில் அழற்சி இருந்தால் காட்டும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனை அளவும் இயல்பாகவே இருக்கிறது.

வாரம் 60,000 யூனிட் வீதம் எட்டு வாரம் கொடுத்ததில் வைட்டமின் டி 14-லிருந்து 34 ஆனது. மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.1-லிருந்து 7.0-க்கு இறங்கியது. பீடியை விட்டு மூன்று மாதமாகிறது (அம்மா இன்றும் சட்டைப்பையைச் சோதிக்கிறார்). உடல் எடை முறிவை அழுத்தட்டும் என்று ஐந்தாம் மாதம் ஒரு முனையின் ஸ்க்ரூவைக் கழற்றியும் பயனில்லை. புத்தூர்க் கட்டுக்கு உறவினர்கள் வற்புறுத்தினாலும், உள்ளே கம்பி இருக்கையில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒரு மருத்துவர் தடிமனான கம்பி மாற்றினால் போதும் என்கிறார். தசைப்பற்றும் இரத்த ஓட்டமும் குறைந்த பகுதி என்பதால், மற்றொருவர் இடுப்பெலும்பிலிருந்து எலும்புத்துகள் எடுத்து வைத்தே ஆக வேண்டும் என்கிறார். இதே நிலையிலிருந்த சர்க்கரை நோயாளிகளில் யாருக்காவது கம்பியை மாற்றியதில் மட்டுமே எலும்பு கூடியதா?