ரிமோட் டெஸ்க்டாப்பில் அவுட்லுக் மக்கர்: நாங்கள் பார்த்தவை

கணக்குப் பிரிவில் ஒருவருக்குச் சில நாட்கள் அவுட்லுக் ஒழுங்காகத் திறக்கும். சில நாட்கள் புதிதாக நிறுவியதைப் போல மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும், சிக்னேச்சர் காணாமல் போயிருக்கும், மெயிலெல்லாம் முதலிலிருந்து இறங்கும். ஆபீஸை ரிப்பேர் செய்தார்கள், மெயில் ப்ரொஃபைலை அழித்துப் புதிதாகப் போட்டார்கள். பலனில்லை.

என்னிடம் வந்தபோது நான் அவுட்லுக்கைத் தொடவே இல்லை. டெஸ்க்டாப்பைப் பார்த்தேன், அவருடைய ஐகான் ஒன்றுகூட இல்லை. சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரில் அவர் பெயருக்குப் பதிலாக 'டெம்ப்' என்று ஒரு ஃபோல்டர். ஆக, விண்டோஸ் அவருக்குக் கொடுத்திருந்தது தற்காலிக ப்ரொஃபைல், அதாவது அவருடைய கோப்புகளும் அமைப்புகளும் இல்லாத வெற்றுப் பயனர் சூழல்.

எங்களிடம் ஒவ்வொருவரின் ப்ரொஃபைலும் ஒரு விஹெச்டிஎக்ஸ் கோப்பாக, அதாவது ஒரே கோப்புக்குள் அடங்கிய மெய்நிகர் வட்டாக, ஃபைல் சர்வரில் இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில் லாகின் செய்யும்போது பல சர்வர்களில் ஏதாவது ஒன்று கிடைக்கும்; அந்த சர்வரில் அது மவுன்ட் ஆகும், அதாவது டிரைவ் போல இணையும். ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் அதைப் பிடித்திருக்க முடியும். ஃபைல் சர்வரில் திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். 'யூவிஹெச்டி' என்று தொடங்கி அவருடைய எஸ்ஐடியை (விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் தரும் அடையாள எண்) தாங்கிய கோப்பு, முந்தைய நாள் அவர் வேலை செய்த சர்வரின் பிடியிலேயே இருந்தது. அவர் லாக் ஆஃப் செய்திருந்தும் ஆன்டிவைரஸ் அதை விடவில்லை. மறுநாளும் அதே சர்வருக்குப் போனால் எல்லாம் சரியாக இருக்கும், வேறு சர்வர் கிடைத்தால் டெம்ப். விட்டு விட்டு வந்ததற்குக் காரணம் அதுதான்.

பழைய சர்வரில் அந்த வட்டை டிஸ்மவுன்ட் செய்து, ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விஹெச்டிஎக்ஸ் கோப்புகளை விலக்கியதும் தொல்லை தீர்ந்தது. எனக்கு வருத்தம் வேறொன்றில். தற்காலிக ப்ரொஃபைலின் டெஸ்க்டாப்பில் சேமித்தவை லாக் ஆஃப் செய்ததும் அழிந்துவிடும். அப்படி அவருடைய சில கோப்புகள் போய்விட்டன. ரிப்பேரில் நேரம் கழிந்த ஒவ்வொரு நாளும் இழப்பு அவருக்குத்தான். அதனால் இப்போது புகார் வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "டெஸ்க்டாப்பில் உங்க ஐகானெல்லாம் இருக்கா?"

*

எனக்கு வந்தது வேறு மாதிரி. மெயில் வருகிறது, போகிறது, ஆனால் ஒரே ஒரு இணைப்பு மட்டும் "கோப்பை உருவாக்க முடியவில்லை" என்று அடம்பிடித்தது. தினமும் ஒரே பெயரில் வரும் பிடிஎஃப் அது. மெயிலிலிருந்தே திறக்கும் இணைப்பை அவுட்லுக் 'கன்டென்ட் டாட் அவுட்லுக்' என்ற மறைந்த ஃபோல்டரில் நகலெடுக்கும். அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் அடைப்புக்குறிக்குள் எண் சேர்த்துக்கொண்டே போகும், 99 வரை. அதற்கு மேல் போகாது. ப்ரொஃபைல் வட்டில் அந்த ஃபோல்டரும் கூடவே வருவதால் எந்த சர்வருக்குப் போனாலும் பிழையும் கூடவே வரும். அவுட்லுக்கை மூடி, அந்த ஃபோல்டரைக் காலி செய்தால் போதும்.

*

ப்ரொஃபைல் வட்டு நிரம்பி அவுட்லுக் உறைந்தால், பகிர்ந்த மெயில்பாக்ஸ்களையும் பாருங்கள். நான் பார்த்த ஒருவரின் சொந்த மெயில் சிறியதுதான். அவருக்கு அனுமதி கொடுத்திருந்த துறை மெயில்பாக்ஸ்கள் முழுவதும் ஓஎஸ்டியில், அதாவது மெயிலின் நகலை அவுட்லுக் சேமித்து வைக்கும் கோப்பில், இறங்கிக்கொண்டிருந்தன. கணக்கு அமைப்பில் பகிர்ந்த ஃபோல்டர்களை இறக்கும் டிக்கை எடுத்தோம். அதோடு ஓஎஸ்டி தானாகச் சுருங்கிவிடாது. அவுட்பாக்ஸில் எதுவும் தேங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அவுட்லுக்கை மூடி ஓஎஸ்டியை அழித்தோம். திறந்ததும் புதிதாக உருவாக்கிக்கொண்டது.