காட்டுப் பருத்தி டிஎன்ஏ பழுப்பாக வருகிறது, ஹைஃபை நீள் வாசிப்புக்கு அனுப்பலாமா?

கேள்வி:
காஸிபியம் லாங்கிகேலிக்ஸ் என்ற காட்டுப் பருத்தியின் இலையில் சிடாப் (செல்லை உடைக்கும் சோப்பு போன்ற வேதிப்பொருள்) முறையில் எடுத்த டிஎன்ஏ டீத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் விகிதங்களில் 260/280 சரியாக 1.8, ஆனால் 260/230 வெறும் 0.9. பிப்பெட்டில் கோந்து மாதிரி இழுக்கிறது. வேரைத் தாக்கும் மொச்சை வடிவ (ரெனிஃபார்ம்) நூற்புழுவுக்கான எதிர்ப்பைக் கண்டுபிடிக்க மார்க்கர் (டிஎன்ஏ அடையாளம்) வேண்டும். இதையே ஹைஃபை வாசிப்புக்காக பேக்பயோ கருவிக்கு அனுப்பலாமா?

பதில் 1:
அனுப்ப வேண்டாம். பருத்தியில் உள்ள கோஸிபால் என்ற நச்சுப்பொருளும் மற்ற பாலிஃபீனால்களும் ஆக்ஸிஜனேற்றமாகி டிஎன்ஏவோடு ஒட்டியதுதான் அந்தப் பழுப்பு. ஒட்டிய பின் எவ்வளவு கழுவினாலும் போகாது, முன்பே தடுக்க வேண்டும். செடியை 48 மணி நேரம் இருட்டில் வையுங்கள், மாவுச்சத்து குறையும். முழுதாக விரியாத இலையைத் திரவ நைட்ரஜனில் பொடியுங்கள். பொடி உருகி ஈரமானால் அதைக் கொட்டிவிடுங்கள். சிடாபுக்கு முன் சார்பிட்டால் கழுவல்: 0.35 மோலார் சார்பிட்டால், பாலிஃபீனாலைப் பிடிக்கும் 1% பிவிபி-40, ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் 1% மெர்காப்டோஎத்தனால் (அன்றன்று சேர்க்கவும்). மேலே நிற்கும் நீர் தெளியும்வரை, இரண்டு மூன்று முறை. கோந்து என்பது பாலிசாக்கரைடு (சர்க்கரைச் சங்கிலி). சிடாப் கரைசலில் உப்பை 1.4-லிருந்து 2 மோலாருக்கு மேல் ஏற்றுங்கள். நீள டிஎன்ஏ உடையாதிருக்க வோர்டெக்ஸ் (வேகக் குலுக்கல்) கூடவே கூடாது, அகல வாய் டிப் மட்டும். ஒளி உறிஞ்சலில் அளக்கும் நானோடிராப் அளவு, டிஎன்ஏவை மட்டும் சாயத்தால் அளக்கும் க்யூபிட் அளவைப்போல் மூன்று மடங்கு காட்டினால் மிச்சமெல்லாம் அழுக்கு.

பதில் 2:
மார்க்கர் மட்டும்தான் தேவையென்றால் புதிதாக மரபணுத்தொகுதி கட்ட வேண்டியதில்லை. லாங்கிகேலிக்ஸுக்கு குரோமோசோம் அளவிலான மரபணுத்தொகுதி 2020-லேயே வந்துவிட்டது. பயிர்ப் பருத்தியில் ஏ, டி என இரண்டு குரோமோசோம் தொகுதிகள் உண்டு. லாங்கிகேலிக்ஸிலிருந்து வந்த எதிர்ப்பு மரபணு ரென்-லான் இருப்பது பயிர்ப் பருத்தியின் 11-ஆம் குரோமோசோமில், அதாவது ஏ11-இல். சிக்கல், அதன் இணையான டி11. கேஏஎஸ்பி (ஒற்றை எழுத்து வேறுபாட்டை ஒளிரும் சாயத்தால் காட்டும் பிசிஆர் சோதனை) பிரைமர் ஏ11, டி11 இரண்டையும் பெருக்கினால், டி பிரதி எல்லா மாதிரியிலும் பயிர் வகை சிக்னலையே கொடுக்கும். ரென்-லான் ஒரு பிரதி உள்ள செடியும் இரண்டு பிரதி உள்ள செடியும் பிரியாமல் ஒரே கும்பலாகிவிடும். ஏ11, டி11, லாங்கிகேலிக்ஸின் எஃப் தொகுதியில் உள்ள எஃப்11 மூன்றையும் அடுக்கிப் பாருங்கள். பொதுப் பிரைமரின் 3' முனை ஏ-யிலும் எஃப்-இலும் ஒன்றாகவும் டி-யில் வேறாகவும் உள்ள எழுத்தில் உட்கார வேண்டும்.

பதில் 3:
மார்க்கர் கிடைத்தாலும், எதிர்ப்பு மரபணுவோடு காட்டுப் பருத்தியிலிருந்து வரும் குரோமோசோம் துண்டின் நீளத்தை மறக்காதீர்கள். 2007-இல் அமெரிக்காவில் வெளியான லான்ரென்-1, லான்ரென்-2 என்ற ரென்-லான் பருத்தி வரிசைகள் இரண்டும் நூற்புழுவை நன்றாகத் தடுத்தன. ஆனால் புழு மிகுந்த வயலில் நாற்றே குன்றிப்போனது. அந்நியத் துண்டில் மறுசேர்க்கை (குரோமோசோம்கள் பகுதிகளை மாற்றிக்கொள்வது) அரிது. அதனால் மரபணுவின் இருபுறமும் மார்க்கர் வைத்து, பயிர்ப் பருத்தியோடு மீண்டும் கலந்து எடுத்த பெரிய பின்கலப்புத் தொகையில் துண்டு குறுகிய செடியைத் தேடுங்கள். விதையின் குறும்பஞ்சு பச்சையாக இருந்தால் ரென்-லான் பெரும்பாலும் கூடவே இருக்கும், முதல் சலிப்புக்கு உதவும். துண்டு குறுகிய வரிசைகளைப் புழு மிகுந்த மண்ணில் வளர்த்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.