முடி வெட்டிக்கொண்டாலும் சீக்கியர்தானா?

நிட்டிங்காரன்:
திருப்பூரிலிருந்து வேலை மாறி லூதியானா வந்திருக்கிறேன். ஸ்வெட்டர் கம்பெனி, மாடியில் வாடகை வீடு. வீட்டுக்காரரின் மூத்த மகன் தலைப்பாகை, தாடியோடு இருக்கிறான். சின்னவன் கிராப் வெட்டி, தாடியை ட்ரிம் செய்கிறான். ஆனால் கையில் இரும்புக் காப்பு உண்டு, ஞாயிறானால் குருத்வாராவின் பொதுச் சமையலான லங்கரில் ரொட்டி தேய்க்கவும் போகிறான். அவர்கள் அம்மாவோ தோளிலிருந்து தொங்கும் சின்னக் கிர்பான் கத்தியைத் தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. இவர்களில் யார் அசல் சீக்கியர்? நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அமிர்தசரஸ் மருமகள்:
தம்பி, நான் மதுரைக்காரி, வாழ்க்கைப்பட்டது அமிர்தசரஸில். எங்கள் வீட்டிலும் இதே மூன்று ரகம்தான். மாமியார் அமிர்தம் எடுத்தவர், அதாவது தீட்சை பெற்றவர்: கேசம், மரச்சீப்பு, காப்பு, கச்சேரா என்ற உள்ளாடை, கிர்பான் ஐந்தும் உண்டு. என் கணவர் முடி வளர்க்கிறார், அமிர்தம் எடுக்கவில்லை. காலையில் தலைப்பாகைத் துணியின் மறுமுனையை நான்தான் பிடிக்க வேண்டும். இருவரும் விறைப்பாக இழுத்து மடிப்போம். மடிப்பு கோணலானால் அன்று முழுக்க முகம் தூக்கல்தான்! கொழுந்தன் மகன் முடி வெட்டிவிட்டான். மாமியார் மனத்தாங்கலோடு 'பதித்' என்பார், அதாவது வழுவியவன். ஆனால் மதத்தை விட்டுவிட்டான் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வரலாறும் இப்படித்தான் அடுக்கடுக்காக வந்திருக்கிறது. 1469-இல் பிறந்த குரு நானக் தலைப்பாகை விதி எதுவும் போடவில்லை. உழைத்துச் சாப்பிடு, பகிர்ந்து கொடு, நாமத்தை நினை, அவ்வளவுதான். கர்தார்பூரில் அவரே ஏர் பிடித்தார். ஐந்து அடையாளங்களும் கால்சாவோடு, அதாவது அமிர்தம் எடுத்தவர்களின் அமைப்போடு, சேர்ந்தவை. 1699 வைசாகித் திருநாளன்று ஆனந்தபூரில் பத்தாம் குருவான குரு கோவிந்த் சிங் வாளை உருவி, தலை தர யார் தயார் என்று கேட்டார். எழுந்த ஐவரில் ஒருவர் பீதரைச் சேர்ந்த நாவிதர், ஒருவர் பூரியின் தண்ணீர் சுமப்பவர். ஒரே இரும்புக் கிண்ணத்தில் அந்த ஐவரும் அமிர்தம் குடித்தார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்து நடந்ததுதான்: குரு அவர்கள் முன் மண்டியிட்டு, தனக்கும் அமிர்தம் தரும்படி கேட்டு வாங்கிக் குடித்தார். சாதி பார்த்துப் பந்தி பிரிக்கும் கல்யாணங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால்தானோ என்னவோ, இதை எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும்.

பழைய ரோஜா:
அக்கா, இந்துக்களைக் காக்க உருவான படைதானே இது? தனி மதம் என்பது வெள்ளைக்காரன் கிளப்பியது என்பார்கள்.

அமிர்தசரஸ் மருமகள்:
பாதிக் கதை அது. காஷ்மீர பண்டிதர்களின் உரிமைக்காக நின்ற குரு தேக் பகதூர் 1675-இல் டில்லியில் தலை கொடுத்தார், உண்மை. ஆனால் பூணூல் வேண்டாம் என்றவர் நானக். தயை பருத்தியாக, நிறைவு நூலாக, அடக்கம் முடிச்சாக, சத்தியம் முறுக்காக ஒரு பூணூல் இருந்தால் போடு என்று பாடினார். நிட்டிங்காரத் தம்பிக்கு இது சட்டென்று புரியும்! 1604-இல் சீக்கியரின் புனித நூலான ஆதி கிரந்தமும் தொகுத்தாயிற்று; பின்னாளில் குரு கிரந்த சாஹிப் ஆனது அதுதான். அதில் கபீர், ரவிதாஸ், நாமதேவர் பாடல்களோடு சூஃபி ஃபரீதின் பாடல்களும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் சிங் சபை என்ற சீர்திருத்த இயக்கத்தார் எல்லைக் கோட்டை அழுத்திப் போட்டார்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழுத்திப் போடக் கோடு ஒன்று முன்பே இருந்தது.

கோர்ட்டு வாசல்:
சட்டப்படி ஒரு வார்த்தை. குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியின் தேர்தலில் முடி வெட்டியவருக்கு ஓட்டு கிடையாது. நம்பிக்கை இருந்தும் ஐந்து அடையாளங்களை ஏற்காத சஹஜ்தாரிகளுக்கு இருந்த ஓட்டையும் 2016 திருத்தம் எடுத்துவிட்டது. ஆனால் அதே கமிட்டியின் நடத்தை விதிநூலான ரேஹத் மரியாதா சீக்கியருக்குச் சொல்லும் இலக்கணம் நம்பிக்கையில்தான் நிற்கிறது: ஒரே கடவுள், பத்து குருக்கள், குரு கிரந்த சாஹிப், பத்தாம் குருவின் அமிர்தம் இவற்றை நம்பி, வேறு மதத்தைச் சாராதவர். அதன்படி அமிர்தம் எடுக்காதவரும் சீக்கியரே. உங்கள் சின்னவனுக்கு ஓட்டு இல்லை, ரொட்டி தேய்க்கத் தடையில்லை.

நிட்டிங்காரன்:
சரி, இந்த ஞாயிறு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா?

அமிர்தசரஸ் மருமகள்:
தாராளமாகப் போங்கள். செருப்பை வெளியே விட்டு, கைகால் கழுவி, தலையில் கைக்குட்டை கட்டிக்கொள்ளுங்கள். பையில் பீடி, சிகரெட் இருக்கக் கூடாது. கடா பிரசாதம் என்ற கோதுமை அல்வாவை இரண்டு கையாலும் வாங்குங்கள்; நெய் சொட்டும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.