ஊட்டி ஜெட், செட்டிபாளையம் பிஸ்டன்

குன்னூரிலிருந்து:

ரேஸுக்கென்று வைத்திருக்கும் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று என்னிடம் இருக்கிறது. 98 சிசி, சிலிண்டர் துவாரங்களை (போர்ட்) அரைத்தது, எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற ரேஸ் சைலன்சர் போட்டது. ஊட்டியில் நண்பன் வீட்டுக் கொட்டகையில் ஒரு வாரம், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்தோம். பிளக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்ததும், கலவை சரி என்று வண்டியை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே ரேஸ் தடத்துக்குப் போனோம். மூன்றாவது சுற்றில், நேர்பாதை முடியும் இடத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. விரல் கிளட்ச் மேலேயே இருந்ததால் விழவில்லை.

தப்பு எங்கள் மேல்தான். ஊட்டி 2,240 மீட்டர், செட்டிபாளையம் 400 மீட்டர் சொச்சம். கீழே இருப்பதைவிட மேலே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்ப் (கார்புரேட்டர்) அதைப் பாதிதான் கண்டுகொள்ளும். ஆகவே மேலே பெட்ரோல் 10 சதவீதத்துக்குக் கிட்ட மிகுந்துபோகும். அதற்காகச் சின்ன ஜெட் போட்டு, அதே ஜெட்டோடு மலையிறங்கினால் கீழே பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடேறிவிடும். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டும் மிக்ஸிங் வண்டியில் ஆயிலும் கூடவே குறையும்.

அப்புறம்தான், கார்புக்குப் பதில் இசியூ என்ற கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் மேல் பைத்தியம் பிடித்தது. காற்றழுத்த சென்சார் இருந்தால் உயரத்துக்குத் தக்கபடி இசியூ தானே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்குமே! எஞ்சினுக்குள் காற்று நுழையும் ரீட் வால்வுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் த்ராட்டில் பாடியை அதன் இன்ஜெக்டரோடு பொருத்தினேன். 10,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 6 மில்லி செகண்ட்தான். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் போதும், நம் டூ ஸ்ட்ரோக்குக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டும். அந்த இன்ஜெக்டர் மூடவே நேரமில்லாமல் திறந்தபடி நின்றும் பெட்ரோல் போதவில்லை. 200 சிசி வண்டியின் இன்ஜெக்டரை மாட்டினால் மேல் ஆர்பிஎம் சரி, ஐட்லிங்கில் புகைந்து அணைந்துவிடுகிறது. இதைச் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கோத்தகிரியிலிருந்து:

நான் முயன்று பார்த்துக் கழற்றியவன். டைனமோ கொடுக்கும் கரண்ட் பெட்ரோல் பம்புக்கே போதவில்லை. தெரிந்தவர் எஸ்டேட் ரோட்டில் கேட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். மூடுபனியில் கனெக்டர் நனைந்து, பேட்டரியும் இறங்கி, தேயிலைக்கு நடுவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கார்ப் என்றால் ஒரு உதையில் கிளம்பியிருக்கும். இப்போது மலைக்கு ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மெயின் ஜெட், ஒரு ஸ்க்ரூடிரைவர், அவ்வளவுதான்.

ஊட்டியிலிருந்து:

குன்னூர்த் தம்பி, பெரிய இன்ஜெக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு ஐட்லிங்கில் துளித்துளியாகக் கேட்டால் அது என்ன செய்யும்? திறக்கவே ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் எடுக்கிறதே. இரண்டு போடு. சின்னது எப்போதும் ஓடட்டும், மற்றது மேல் ஆர்பிஎம்மில் மட்டும் சேரட்டும். காற்று உள்ளே வரும் குழாயின் (மேனிஃபோல்ட்) அழுத்தத்தை நம்பி மேப் போடாதே, அதாவது எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணையை. ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்கில் அது குதியாட்டம் போடும். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்பிஎம் எவ்வளவு, இந்த இரண்டை வைத்தே போடு. சேம்பர் வேலை செய்து வண்டி இழுக்க ஆரம்பிக்கும் இடத்தில் மேப்பில் 500 ஆர்பிஎம்முக்கு ஒரு கட்டமாவது வேண்டும். காற்றழுத்த சென்சார் வெளிக்காற்றை மட்டும் பார்க்கட்டும்.

என் கதை வேறு. 2017இல் கேடிஎம், கிராங்க் அறையிலிருந்து சிலிண்டருக்குப் போகும் வழியான ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டில் பெட்ரோல் பீய்ச்சும் டூ ஸ்ட்ரோக்கை அறிவித்ததைப் பார்த்து ஆசைப்பட்டு, பழைய சிலிண்டர் ஒன்றில் ஓட்டை போட்டேன். எஞ்சின் அருமையாக ஓடியது, 20 நிமிஷம். அப்புறம் கிராங்கில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் கத்த ஆரம்பித்தது. ரேஸ் வண்டி என்று ஆயில் பம்பை எப்போதோ கழற்றிவிட்டு மிக்ஸிங்கில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டில் பீய்ச்சினால் பெட்ரோலும் ஆயிலும் நேரே மேலே போய்விடும், கிராங்குக்குப் போதுமான அளவு வராது. கேடிஎம் தனி பம்ப் வைத்து த்ராட்டில் பாடி வழியாக ஆயில் விடுவது அதனால்தான். இத்தனைக்கும் யமஹாவே ஒரு பம்ப் கொடுத்திருந்தது!

இத்தாலியின் பிமோட்டா 1997இல் 500 சிசி டூ ஸ்ட்ரோக்கை நேரடி இன்ஜெக்ஷனோடு விற்று, பிறகு கார்ப் போட்ட வண்டிக்கு மாறியது. அவர்களுக்கே அந்தப் பாடு.

குன்னூரிலிருந்து:

நன்றி அண்ணா. ரீட் வால்வுக்கு முன்னாலேயே இரண்டு இன்ஜெக்டர் வைத்துப் பார்க்கிறேன், மிக்ஸிங்கையும் விடவில்லை. ஆனால் நீங்கள் கழற்றிய அந்த ஆயில் பம்ப் இன்னும் இருக்கிறதா? இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.