கூரை வேலையும் இந்தி ஜெபமும்

ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

போன வாரம் குழுவில் வந்த மடல்களை ஒன்று விடாமல் படித்தேன். "கோவிலில் இந்தியில் ஜெபம் நடக்குதாமே, இப்படியே போனால் கோவில் நம்ம கையை விட்டுப் போயிடும், அப்புறம் கூரைக்கு நாம ஏன் பணம் அனுப்பணும்?" என்று துபாய் அண்ணன் கேட்டிருந்தார். நாலைந்து பேர் அதற்கு ஆமென் வேறு போட்டிருந்தார்கள். நவம்பரில் அறுப்பின் பண்டிகைக்கு நான் நீலகிரியில் நம்ம ஊரில் இருந்தேன். பார்த்ததை எழுதுகிறேன். கோபம் வந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

ஞாயிறு காலை ஆராதனை எப்போதும்போல் தமிழில்தான். பாமாலை, பாவ அறிக்கை, காணிக்கைப் பாட்டு எதுவும் மாறவில்லை. உட்காரத்தான் ஆள் இல்லை. இருக்கிற தாத்தா பாட்டிகள் குளிருக்கு ஒதுங்கி ஒரே பக்கமாக உட்காருகிறார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு எஸ்டேட் லயன்களில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளில் இருந்து, வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் குடும்பங்கள் வருகின்றன. ஆயர் ஆரம்ப ஜெபத்தைத் தமிழில் செய்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். பாவம், அவருக்குத் தெரிந்த இந்தி 'பிரபு'வோடு முடிந்துவிடும். மிச்சத்தை அவர்களே நடத்துகிறார்கள். வேத வாசிப்பு இந்தி, பாட்டு அவர்கள் வீட்டில் பேசும் சாத்ரி. நாலரைக்குக் கோவிலைக் கூட்டிப் பூட்டிவிட்டுச் சாவியை உபதேசியார் ஐயா வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நடப்பது இவ்வளவுதான்.

இவர்கள் நேற்று விசுவாசத்துக்கு வந்தவர்களும் இல்லை. ஜெர்மனியில் இருந்து காஸ்னர் மிஷனரிகள் ராஞ்சிக்குப் போனது 1845-ல். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷனரிகள் நம்ம நீலகிரி கேத்திக்கு வந்தது 1846-ல். கணக்குப் பார்த்தால் அவர்கள் நமக்கு ஒரு வருஷம் மூத்தவர்கள். அதுவும் போக, நீலகிரியில் பாசல் மிஷன்காரர்கள் படுகர் ஊர்களில் பிரசங்கத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முதலில் எடுத்த மொழி கன்னடம். தமிழ் பிறகு ஏறிவந்ததுதான்.

இந்தக் குழுவில் பாதிப் பேர் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கணக்கில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கும் வேறு எஸ்டேட்டுக்கும் வேலைக்கு வந்தவர்கள்தான் நம்ம தாத்தா பாட்டிகள். தமிழே பேசினாலும் 'சிலோன்காரங்க' என்று கடைசி பெஞ்சில்தான் உட்காரவைத்தார்கள் என்று என் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே பாட்டி பிற்பாடு பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விட்டதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊருக்குப் போனதற்கே அர்த்தம் இல்லை. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், ஒரு கூடை பேரிக்காய், யாரோ கொண்டுவந்த சேவல். அப்புறம் வழக்கமான அந்த ஒற்றை முட்டை. எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு முட்டையைத் திரும்ப ஏலத்துக்கே கொடுக்க, அது சுற்றிச் சுற்றி வரும் இல்லையா? இந்த முறை ஒரு ஜார்க்கண்ட் பையன் நூறு ரூபாய்க்குக் கேட்டு எடுத்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான். சபையே சிரித்தது. பக்கத்தில் இருந்த சின்னப் பெண், லயனில் பிறந்து நம்ம கவர்மெண்ட் ஸ்கூலில் படிக்கிறவள், காதில் ஏதோ சொன்னாள். அவன் எழுந்து வந்து முட்டையைக் கொடுத்துவிட்டு, இன்னொரு தடவை ஏலம் கேட்டான். அடுத்து விட்டுக்கொடுக்காமல் கேட்டது யார் தெரியுமா? இந்தி ஜெபம் வேண்டாம் என்று கமிட்டியில் சண்டை போட்ட நம்ம பெரியவர்தான்.

நம்ம தேயிலையை வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் கலைந்து, 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்ததில் இருந்தே ஊரைவிட்டு இறங்க ஆரம்பித்தோம். திருப்பூர், கோயம்புத்தூர், அப்புறம் வளைகுடா. அன்றுமுதல் உபவாச ஜெபத்தில் ஒரு ஜெபக் குறிப்பு தவறாமல் வரும்: சபையில் ஆத்துமாக்கள் பெருக வேண்டும். இப்போது ஆள் வந்தாச்சு. நாம் கேட்ட முகங்கள் இல்லை என்பதுதான் நமக்குக் குறை.

எல்லாம் சுபம் என்றும் சொல்ல மாட்டேன். கூலி அதிகமாகக் கிடைத்தால் ஜார்க்கண்ட்காரர்கள் அடுத்த மாதமே வேறு எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். சபைப் பட்டியலில் இன்னும் ஒருத்தர் பெயரும் ஏறவில்லை, சந்தா ஏற்பாடும் இல்லை. ஆகவே அண்ணா, பட்டியலில் பெயர் இல்லாததால் சபையில் ஓட்டே இல்லாதவர்கள் கையில் கோவில் எப்படிப் போகும்? இத்தனை நிச்சயமில்லாத இடத்தில் கூரையா என்று கேட்டால், எருசலேம் முற்றுகையில் இருந்தபோது, தானே காவலில் கிடந்தபடி, எரேமியா ஆனதோத் நிலத்துக்குப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் என் பங்கை அனுப்பிவிட்டேன். மழைக்கு முன் தகரத்தை மாற்றியாக வேண்டும், வடக்குப் பக்கம் ஒழுகுகிறது.

ஜெபக் குறிப்புகள்: உபதேசியார் ஐயாவுக்குக் கண் ஆபரேஷன். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை. லயனில் ஒரு தங்கச்சிக்கு ஜனவரியில் பிரசவம். மொழி தெரியாமல் ஆஸ்பத்திரியில் தவிக்கிறாள். இந்தி பேசும் அக்காமார் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், அவளிடம் கேட்டுக்கொண்டு நம்பர் அனுப்புகிறேன்.